பிரசங்கியாருக்குச் சிவப்புத் தொப்பி

2 டிசம்பர் 2020

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்குக் கொரோனா தேறிவிட்டது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இன்னும் ஒரு மாதம் அவளைக் கூட்டத்துக்குள் விடாதே, பூசைக்கென்றாலும் சரி.

86 வயதுக் கிழவருக்கு எதற்குக் கர்தினால் பட்டம், திருத்தந்தையை (போப்பை) தேர்ந்தெடுக்க ஓட்டுகூடப் போட முடியாதே என்று கேட்டிருக்கிறாய். உண்மைதான், 80 தாண்டியவருக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் போன சனிக்கிழமை கர்தினாலான 13 பேரில் என் மனசு நிறைந்தது இந்த ரனியேரோ கான்டலமெஸ்ஸாவால்தான். மறைமாவட்டத்தை நிர்வகித்தவர் இல்லை, வத்திக்கானில் இலாகா நடத்தியவரும் இல்லை. 40 வருஷமாகப் பிரசங்கம் வைத்தார், அவ்வளவுதான்.

மிலான் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆதிக் கிறிஸ்தவ வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர், 1979-ல் அந்த வேலையை விட்டுவிட்டுப் பிரசங்கத்துக்கே வந்துவிட்டார். மறு வருஷமே இரண்டாம் ஜான் பால் அவரைத் திருத்தந்தை இல்லத்தின் பிரசங்கியாராக்கினார். 1743-லிருந்து அந்தப் பொறுப்பு பிரான்சிஸ்கன் துறவிகளில் ஒரு பிரிவான கப்புச்சின் சபைக்காரர்களுக்குத்தான். பெரிய வெள்ளியன்று பேதுரு பெருங்கோவிலில் திருத்தந்தை பிரசங்கம் வைப்பதில்லை, தெரியுமோ? தரையில் குப்புறக் கிடந்து செபித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து இந்தக் கப்புச்சின் சாமியார் பேசுவதைக் கேட்கிறார். ஜான் பால், பெனடிக்ட், பிரான்சிஸ் மூன்று திருத்தந்தையரும் கேட்டார்கள். கர்தினாலின் சிவப்புத் தொப்பியைவிட எனக்கு அதுதான் பெரிது. இங்கே பாதிப் பிரசங்கம் திருவிழா வரிப் பாக்கியிலேயே போய்விடுகிறது!

இந்த வருஷப் பெரிய வெள்ளிக்குக் கோவில் ஏறக்குறைய காலி. அன்றைக்கு ஒரு கதை சொன்னார். லண்டன் பவுல் பேராலயத்தில் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த தோர்ன்ஹில், தன் படத்தை ரசித்தபடி பின்னால் நகர்ந்து சாரத்தின் விளிம்புக்கே போய்விட்டார். கத்தினால் பதறி விழுந்துவிடுவார். உதவியாளன் சட்டென்று தூரிகையைச் சாயத்தில் முக்கி ஓவியத்தின் மேல் வீசினான். அவர் ஆத்திரத்தில் முன்னால் பாய்ந்தார், பிழைத்தார். கேட்கிற எவனும் ‘ஆகா, கொரோனாவும் கடவுள் வீசிய தூரிகை’ என்று முடிச்சுப் போட்டிருப்பான். கிழவர் அங்கேதான் மடக்கினார்: வீசியது கடவுள் இல்லை, அவர் நம் பக்கம், கிருமியின் பக்கம் இல்லை. கதையைக் கட்டிவிட்டு அதன் சுலபமான முடிவைத் தானே மறிக்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

2010-ஐ நீ இழுப்பாய் என்று தெரியும். சிறார் பாலியல் கொடுமை விவகாரத்தில் திருச்சபை மேல் வந்த கண்டனங்களை யூத வெறுப்போடு ஒப்பிட்ட ஒரு யூத நண்பரின் கடிதத்தை அதே பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில் வாசித்தார். யூதர்களும் பாதிக்கப்பட்டவர்களும் கொதித்தார்கள், வத்திக்கானே ஒதுங்கிக்கொண்டது, அவர் மன்னிப்புக் கேட்டார். அதற்கு நான் சப்பைக்கட்டு கட்டமாட்டேன்.

கர்தினால் ஆகிறவர் ஆயராகவும் இருக்கவேண்டும் என்பது 1962-லிருந்து விதி. இவரோ விலக்குக் கேட்டு வாங்கிவிட்டார். ஆயர் என்றால் மேய்ப்பனும் மீனவனும், இந்த வயதில் மேய்ப்பனாக என்னால் ஆகப்போவது கொஞ்சம், மீனவனாக இறைவார்த்தையை அறிவிக்கலாம் என்றாராம். சாகும்போது பிரான்சிஸ்கன் அங்கியோடு சாகவேண்டும் என்பது இன்னொரு காரணம்.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை, கிறிஸ்மசுக்கு முந்தின திருவருகைக்காலப் பிரசங்கத்துக்கு மறுபடி நிற்கிறார். தொப்பி வந்ததும் வேலையை விடவில்லை பார். படித்துவிட்டு எழுதுகிறேன். கிறிஸ்மசுக்கு ஊருக்கு வருவாயா, மாட்டாயா? அதை மட்டும் சீக்கிரம் சொல்.

உன்,
பழைய விடுதிக் கூட்டாளி