அரை முகத்தோடு எழுந்து போனவர்

செய்திச் சேனல்களின் இரவு விவாத ஆசிரியர்களுக்கும் நெறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐயா, அம்மா,

வணக்கம். விருதுநகரில் சலூன் வைத்திருக்கிறேன். மூன்று நாற்காலி, ஒரு பெஞ்சு, கண்ணாடிக்கு மேலே ஒரு டிவி. அப்பா 1963-ல் ஆரம்பித்த கடை. இரவு எட்டு மணிக்கு நீங்கள் நடத்தும் விவாதத்தை ஒன்பது வருஷம் நாள் தவறாமல் ஓடவிட்டவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

2021 மார்ச். தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும். என் கடைக்குச் சனிக்கிழமை இரவு இரண்டு பேர் தவறாமல் வருவார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற வாத்தியார், இன்னொருவர் பருப்பு மண்டி அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இரண்டு பேருக்கும் ஆகாது. ஆளுக்கொரு கட்சி, ஆனால் இருபது வருஷப் பழக்கம். வாத்தியார் மகள் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவர் அண்ணாச்சி.

அன்றைக்கு வாத்தியார் நாற்காலியில் இருக்கிறார். வலது கன்னத்தை முடித்துவிட்டு இடது பக்கம் கத்தியைக் கொண்டுபோகிறேன். திரையில் ஆறு கட்டம், ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அதில் ஒருவர் "நான் முடிச்சுக்கிறேன், நான் முடிச்சுக்கிறேன்" என்று மட்டும் நான்கு தடவை சொன்னார், கடைசிவரை முடிக்கவில்லை. பெஞ்சிலிருந்த அண்ணாச்சி திரையைப் பார்த்து என்னவோ சொல்ல, வாத்தியார் வெடுக்கென்று தலையைத் திருப்பினார். கத்தி என் கையில். தாடையில் நெல்மணி அளவுக்கு ரத்தம். நான் படிகாரக் கல்லைத் தேடுவதற்குள் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், டிவியில் வந்த வார்த்தைகளைத்தான் ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க", "விஷயத்தைத் திசை திருப்பாதீங்க". இருபது வருஷத்தில் அவர்கள் அப்படிப் பேசிக்கொண்டு நான் கேட்டதில்லை. வாத்தியார் கழுத்துத் துண்டை உருவிப் போட்டார். நுரைக்கு மேலேயே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, அரை முகத்தோடு படி இறங்கிப் போய்விட்டார். கொரோனா காலம், தெருவில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்போது அண்ணாச்சி சனிக்கிழமை வருகிறார். வாத்தியார் புதன்கிழமை காலையில் வருகிறார்.

மறுவாரம் "இங்கு அரசியல் பேச வேண்டாம்" என்று போர்டு எழுதி மாட்டினேன். டீக்கடையிலும் சலூனிலும் இந்தப் போர்டு ஒன்றும் புதிதில்லை. எங்கள் கடையில்தான் ஐம்பத்தெட்டு வருஷமாகக் கிடையாது. மாட்டிய அன்றைக்கு அப்பா படத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அரசியல் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சலூனில் அரசியல் பேசாமல் வேறு என்னத்தைப் பேசுவது? அப்பா காமராஜர் கட்சி, நவசக்தி பத்திரிகை வாங்கிப் போடுவார். கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் தி.மு.க., அவர்கள் முரசொலி கொண்டுவந்து போடுவார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த யாராவது ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். படிப்பவர் முடிக்கும்வரை ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். மரியாதைக்காக இல்லை, குறுக்கே பேசினால் பாதிச் செய்தி காதில் விழாமல் போய்விடும். முடித்த பிறகுதான் சண்டை. சண்டை நன்றாகவே நடக்கும்.

1967 தேர்தலில் எங்கள் ஊரிலேயே காமராஜர் தோற்றுப்போனார். பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லையாம். மறுநாள் காலையில் கடையைத் திறந்தால், முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் கறுப்பு சிவப்புத் துண்டுக்காரர். அப்பா ஒன்றும் பேசாமல் நுரை போட்டார். பாதி ஷேவிங்கில் அவரே கண்ணாடியைப் பார்த்து, "என்ன இருந்தாலும் ஐயா தோற்றிருக்கக் கூடாதுப்பா" என்றாராம். அப்பா இதைக் கொஞ்சம் மெருகேற்றித்தான் எனக்குச் சொல்லியிருப்பார், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆள் அப்பா சாகும்வரை எங்கள் கடைக்குத்தான் வந்தார். அதை நானே பார்த்திருக்கிறேன்.

உங்களை மட்டும் குறை சொன்னால் பாவம். 2011-ஐ ஒட்டித் தமிழில் செய்திச் சேனல்கள் பெருகி, இரவு விவாதம் தினசரி வழக்கமானபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். மேடையில் மட்டும் பேசிப் பழகிய கட்சிக்காரரை ஒருவர் எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பதை அப்போதுதான் நாங்கள் தினமும் பார்த்தோம். அதற்காகவே 2012-ல் தவணையில் டிவி வாங்கி மாட்டினேன். அப்புறம் கட்டங்கள் பெருகின. மூன்று நான்காகி, நான்கு ஆறானது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் என்பது விதி. மிச்சம் 48. நெறியாளர் பேசுவதற்கு ஒரு 12 வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கு ஆளுக்கு ஆறு நிமிடம். அதிலும் ஆறு பேரும் ஒன்றாகப் பேசினால் யாருக்கு என்ன மிஞ்சும்? நான் ஒரு ஷேவிங்குக்கே பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் யூடியூப். நீங்கள் வைக்கும் தலைப்புகளைப் பெஞ்சில் காத்திருக்கும் பையன்கள் சத்தமாகப் படிப்பார்கள். கதறவிட்டார், தெறிக்கவிட்டார், வெளுத்து வாங்கினார், வாயடைத்துப் போனார். உள்ளே போய்ப் பார்த்தால் யாரும் கதறவில்லை. ஒருவர் தண்ணீர் குடிக்கிறார். அதையே நாற்பது நொடிக்கு வெட்டி, பல தடவை கைமாறியதைக் காட்டும் இரட்டை அம்புக்குறியோடு எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள். அந்த அம்புக்குறி வந்துவிட்டால் ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020-லேயே கட்டுப்பாடு வந்தது. என் மச்சினன் ஒவ்வொரு குரூப்பாகப் பொறுமையாகத் தட்டி அனுப்புகிறான். அந்தப் பொறுமை கடை வாடகை கொடுப்பதில் இருந்தால் தேவலை.

ரேட்டிங்தான் காரணம், நாங்கள் என்ன செய்ய என்பீர்கள். 2020 அக்டோபரில் ரேட்டிங் மோசடிப் புகார் வெடித்த பிறகு, 2022 மார்ச் வரை செய்திச் சேனல்களுக்கு வாராந்திர ரேட்டிங் வெளியிடவே இல்லையே. அந்த இடைவெளியில்தான் 2021 தேர்தல் வந்தது. வாத்தியார் எழுந்து போனதும் அப்போதுதான். வியாழக்கிழமை மார்க் ஷீட் வராத அந்த மாதங்களிலாவது நீங்கள் ஒரு தடவை நிதானமாக நடத்திப் பார்த்திருக்கலாம். என் கடையில் சத்தம் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

புகார் கொடுக்கலாமா என்றும் பார்த்தேன். மகள் விதிகளைப் படித்துச் சொன்னாள். 2021 ஜூனில் கொண்டுவந்த திருத்தப்படி, புகார் போனால் சேனல் 24 மணி நேரத்தில் வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சரி, என்னவென்று புகார் எழுதுவது? மதத்தை இழிவுபடுத்தினால் விதி இருக்கிறது, ஆபாசத்துக்கு இருக்கிறது. ஒருவரை ஒரு வாக்கியம் முடிக்கவிடாததற்கு எந்த விதியும் இல்லை. 2022 செப்டம்பரில், வெறுப்புப் பேச்சு வழக்கு ஒன்றில், நெறியாளரின் பொறுப்பு மிக முக்கியமானது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி கே.எம். ஜோசப் சொன்னார். அதையும் நீங்கள் விவாதமாக வைத்திருப்பீர்கள், ஆறு பேரோடு.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய ஆதங்கம் ஒன்று உண்டு. 2016 அக்டோபரில் நகராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டு நகரங்களில் கவுன்சிலர் என்று ஒருவரும் கிடையாது. எங்கள் தெருவில் சாக்கடை அடைத்தால் யாரிடம் போவது என்று தெரியாமல், கடை வாசலில் நானே குச்சியால் குத்திவிட்டேன். அந்த ஐந்து வருஷத்தில் அதற்காக ஓர் இரவு முழுக்க என் கடை டிவியில் விவாதம் ஓடியதாக எனக்கு ஞாபகம் இல்லை. யார் யாரோடு கூட்டணி என்று ஓடியது. யார் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்பதற்கு இரண்டு நாள் ஓடியது. சாக்கடை பற்றி விவாதம் வந்திருந்தால் வாத்தியாரும் அண்ணாச்சியும் ஒரே கட்சி. இரண்டு பேரும் ஒரே வார்டு.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பொங்கலுக்குப் பட்டிமன்றம் போடுவோம். பேச்சாளருக்கு நேரம் உண்டு, நேரம் முடிந்தால் நடுவர் மணி அடிப்பார். அதுவரை எதிரணிக்காரர் எவ்வளவு நெளிந்தாலும் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். அவர் நெளிவதைப் பார்ப்பதே ஒரு தனிச் சுகம். உங்களிடம் மணியை விட நல்ல சாமான் இருக்கிறது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மைக்கை அணைக்கும் பொத்தான். ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்து அதை ஒரு மாதம் அமுக்கிப் பாருங்கள். மாதத்தில் ஓர் இரவு ஏதாவது ஒரு நகராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை, அருப்புக்கோட்டையை எடுத்தாலும் நாங்கள் பார்ப்போம்.

என் டிவியில் இப்போது பழைய பாட்டுத்தான். நீங்கள் மாற்றினால் நானும் சேனலை மாற்றுகிறேன், போர்டையும் கழற்றிவிடுகிறேன். வாத்தியாரிடம் அன்றைய வலது கன்னத்துக்கு நான் இன்னும் காசு வாங்கவில்லை. சனிக்கிழமை இரவு வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
விருதுநகர் சலூன்காரர்

பி.கு.: இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், லீவு.