டர்பன்ல விக்கவே முடியாத பேருக்கு 85,000 ரூபா வாங்கின கம்பெனிக்கு புகார் கடிதம்

பெறுநர்: மேனேஜர், கஸ்டமர் சர்வீஸ், சென்னை
அனுப்புநர்: உங்க பிராண்டிங் பேக்கேஜ் கஸ்டமர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென் ஆப்பிரிக்கா
பொருள்: இந்த ஊருக்கு செக் பண்ணாத பேரை எனக்கு வித்தது, பணம் திரும்பக் கேட்டு

வணக்கம் சார்,

நேரா விஷயத்துக்கு வர்றேன். நான் டர்பன்ல வீட்லயே மசாலா அரைச்சு ஆன்லைன்ல விக்கிறேன், உங்ககிட்ட பேரு, லோகோ, டொமைன், டிரேட்மார்க் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் எடுத்தேன், 85,000 ரூபா முழுசா முன்னாடியே கட்டியாச்சு, இப்ப அந்தப் பேருல ஒரு பாக்கெட் கூட இந்த ஊர்ல விக்க முடியாது. வாட்ஸ்அப்ல எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன், "டீம்கிட்ட பேசிட்டு சொல்றோம் மேம்"னு பதில் வரும், அந்த டீம் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அதான் எழுத்துலயே இருக்கட்டும்னு இந்த லெட்டர்.

அந்தப் பேரை நான் இங்க எழுதப் போறதில்ல. வக்கீல் நோட்டீஸ் வந்ததுக்கப்புறம் அதை எங்கயும் போடக்கூடாதுன்னு எங்க அக்கவுண்டன்ட் சொல்லியிருக்காரு. உங்க ஃபைல்ல இருக்கும், கொ-வுல ஆரம்பிச்சு நடுவுல ழ வர்ற பேரு.

நடந்தது இதுதான். தீபாவளிக்கு முன்னாடி கடையைத் திறந்தோம், ஆர்டரும் நல்லாவே வந்துச்சு, அந்த சூட்டுல விளம்பரத்துக்கும் கொஞ்சம் காசு போட்டேன். கொஞ்ச நாள்ல கஸ்டமர்ங்க சிலபேரு போன் பண்ணி "அக்கா உங்க சைட்ல மட்டன் மசாலா இல்லையே, ஊறுகாய்தான் நிறைய இருக்கு"ன்னு சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் புரியல, நான் ஊறுகாயே போடறதில்லையே. அப்புறம்தான் தெரிஞ்சுது, இதே மாகாணத்துல இன்னொருத்தர் கிட்டத்தட்ட இதே பேருல மசாலாவும் ஊறுகாயும் ரொம்ப வருஷமா வித்துக்கிட்டு இருக்காரு, அவரு இங்கிலீஷ்ல எல் போட்டு எழுதுறாரு, நீங்க எனக்கு இசட் ஹெச் போட்டு எழுதிக் குடுத்தீங்க, அவ்வளவுதான் வித்தியாசம். இங்க இருக்கற நம்ம ஆளுங்க நாலாவது அஞ்சாவது தலைமுறை, பிள்ளைங்கறதையே கடைசில ஏ ஒய் போட்டு எழுதுறவங்க, அவங்க யாரு சார் ழ-வுக்கு இசட் ஹெச்னு தேடப் போறாங்க? எல்லாரும் எல் போட்டுத்தான் கூகுள்ல அடிக்கிறாங்க, நேரா அவரு கடைக்குப் போறாங்க. நான் காசு குடுத்து விளம்பரம் போட்டேன், வியாபாரம் அவருக்கு. மேல சொன்ன வக்கீல் நோட்டீஸும் அவரு அனுப்பினதுதான்.

இதுல வேடிக்கை என்னன்னா அந்தப் பேரை எல் போட்டு, இந்த ஊர் வெப்சைட்டுங்களுக்கு வர்ற டாட் கோ டாட் இசட்ஏ சேத்து, யாராவது ஒரு தடவை பிரவுசர்ல அடிச்சுப் பாத்திருந்தா அவரு கடை அப்படியே திறந்திருக்கும். அரை நிமிஷ வேலை. நீங்க பாத்ததெல்லாம் டாட் காம், டாட் இன், இன்ஸ்டாகிராம். மூணும் காலியா இருக்குன்னதும் "நேம் அவைலபிள்"னு பச்சைக் கலர்ல டிக் போட்டுட்டீங்க. டொமைன் காலியா இருக்கறதும் பேரு காலியா இருக்கறதும் ஒண்ணுன்னு உங்களுக்கு யாரு சொன்னது? டொமைன்ங்கறது யாரு முதல்ல காசு கட்டினாலும் கிடைக்கும், அதுல பேரு மேல எந்த உரிமையும் வராது.

அந்த அவைலபிலிட்டி ரிப்போர்ட்டை இப்ப மறுபடியும் உக்காந்து படிச்சேன். பளபளன்னு நல்ல பிடிஎஃப், கலர் கலரா சார்ட். சவுத் ஆப்பிரிக்காங்கற வார்த்தையைத் தேடிப் பாத்தேன், முதல் பக்கத்துல என் அட்ரஸ்ல மட்டும்தான் இருக்கு. டிரேட்மார்க் தேடினது இந்தியா ரெஜிஸ்ட்ரில, 30ஆம் கிளாஸ்ங்கற சாமான் வகைல, "நோ கான்ஃப்ளிக்ட்"னு முடிச்சிருக்கீங்க. சரி, 30ஆம் கிளாஸ்தான் மசாலாவுக்கு, அது இங்கயும் அதே நம்பர்தான், ஆனா நான் விக்கிறது இந்தியாவுல இல்லையே சார். டிரேட்மார்க் நாட்டுக்கு நாடு தனித்தனி. இங்க 1993ஆம் வருஷத்து டிரேட்மார்க் சட்டம் இருக்கு, கம்பெனிப் பேரும் டிரேட்மார்க்கும் பதிவு பண்ற சிஐபிசின்னு ஒரு ஆபீஸ் இருக்கு, அவரு அதுல அதே 30ஆம் கிளாஸ்ல முறைப்படி பதிவு பண்ணி வச்சிருக்காரு. இங்க யாரையாவது கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க.

இதை உங்க ஆபீஸ் பையன்கிட்ட சொன்னா "ஸ்பெல்லிங் வேற மேம், ஒண்ணும் ஆகாது"ங்கறாரு. அது அப்படி இல்ல. எழுத்து எப்படித் தெரியுது, சொன்னா காதுல எப்படி விழுது, மனசுல என்ன அர்த்தம் வருது, மூணையும் சேத்துத்தான் பாப்பாங்க, அதே மாதிரி சாமான்ல ஜனங்க குழம்புற மாதிரி இருந்தா மீறல்தான். இங்க ஜனங்க ஏற்கெனவே குழம்பி எனக்கே போன் பண்ணிட்டாங்க, இதுக்கு மேல என்ன வேணும்.

அதை விடுங்க, மேட்ரிட் கதைக்கு வர்றேன், எனக்கு ரொம்ப எரிச்சல் வந்தது இதுலதான். உங்க இன்வாய்ஸ்ல "இன்டர்நேஷனல் டிரேட்மார்க் - மேட்ரிட் ரூட்"னு ஒரு வரி, அதுக்குத் தனியா 30,000 ரூபா. மேட்ரிட்ங்கறது ஒரே அப்ளிகேஷன்ல பல நாட்டுக்கு டிரேட்மார்க் கேக்கற ஏற்பாடு. இந்தியா மேட்ரிட்ல 2013லயே சேந்துடுச்சு, உண்மை. தென் ஆப்பிரிக்கா அந்த மேட்ரிட்ல மெம்பரே கிடையாது! இந்தியாவுல இருந்து மேட்ரிட் வழியா அப்ளை பண்ணா தென் ஆப்பிரிக்காவை டிக் பண்ணவே முடியாது, லிஸ்ட்லயே வராது. இங்க வேணும்னா இங்கதான் நேரா போடணும், ஒரு கிளாஸுக்கு ஒரு அப்ளிகேஷன், அரசாங்க ஃபீஸ் இந்த ஊர்க் காசுல 590 ரேண்ட். அப்ப அந்த 30,000த்தை எந்த நாட்டுக்குக் கட்டினீங்க? ஒரு அப்ளிகேஷன் நம்பர் கேட்டா இன்னும் வரல. கட்டலைன்னா கட்டலைன்னு சொல்லுங்க, கட்டியிருந்தா ரசீதைக் காட்டுங்க.

கம்பெனியா பதிவு பண்ணலாம்னு அக்கவுண்டன்ட்கிட்ட போனப்ப அவரு இந்தப் பேரை சிஐபிசில ரிசர்வ் பண்ணக் குடுத்தாரு, அதுவும் திரும்பி வந்துடுச்சு, ஏற்கெனவே அதே மாதிரி பேரு இருக்குன்னு. இந்த நேம் ரிசர்வேஷனுக்கு 50 ரேண்ட்தான், ஒரே ஃபாரத்துல நாலு பேரு வரைக்கும் வரிசையாக் குடுக்கலாம், கிடைச்சா ஆறு மாசம் நமக்காக எடுத்து வப்பாங்க. நீங்க பேரு குடுத்த அன்னிக்கே "மேம், முதல்ல இதை அங்க ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க"ன்னு ஒரு வரி சொல்லியிருந்தீங்கன்னா பவுச் அடிச்ச காசு, விளம்பரக் காசு, வக்கீல் காசு எதுவும் போயிருக்காது. நீங்க சொன்னது என்ன? "முதல்ல லான்ச் பண்ணுங்க மேம், ரெஜிஸ்ட்ரேஷன் அப்புறம் பாத்துக்கலாம்." மெயில் இருக்கு.

லோகோ பத்தியும் சொல்லணும். முதல் டிராஃப்ட்ல கொ-வோட கொம்பு க-வுக்கு அந்தப் பக்கம் போய் நிக்குது, நடுவுல புள்ளிப் புள்ளியா ஒரு வட்டம் வேற, அப்புறம் கால். சென்னைல உக்காந்துக்கிட்டு தமிழை இப்படி உடைச்சு அனுப்பறீங்களேன்னு கேட்டதுக்கு "அது சாஃப்ட்வேர் பிராப்ளம் மேம்"னாங்க. அந்த சாஃப்ட்வேர்ல இந்திய மொழிக்குன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணா சரியாயிடும், இது எனக்கே இங்க பிரிண்டர்காரர் காட்டினாரு, அவருக்கு தமிழ் ஒரு எழுத்து தெரியாது. கடைசில சரி பண்ணிக் குடுத்தீங்க, ஆனா குடுத்தது பிஎன்ஜி மட்டும். பவுச் அடிக்கறதுக்கு, எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைல் கேட்டா அதுக்குத் தனி சார்ஜாம். லோகோன்னு காசு வாங்கினா அதுல வெக்டர் ஃபைல் சேந்ததுதானே.

டேக்லைன் ஒண்ணு குடுத்தீங்களே, "ஹெல்தி"ங்கற வார்த்தை வச்சு, அதை லேபிள்ல போடவே கூடாது. இங்க 2010ல வந்த லேபிள் விதி ஆர்146, அதுல சாப்பாட்டுச் சாமானோட பேர்லயோ வர்ணனைலயோ ஹெல்த், ஹெல்தி வரக்கூடாதுன்னு இருக்கு. நல்லவேளை அடிக்கறதுக்கு முன்னாடியே பிரிண்டர்காரர் நிறுத்திட்டாரு.

அப்புறம் அந்த பிராண்ட் ஸ்டோரி. "மதுரைப் பக்கம் ஒரு கிராமத்துப் பாட்டியின் கைப்பக்குவம்"னு எழுதிக் குடுத்திருந்தீங்க. எந்தப் பாட்டி சார்? நான் ஃபாரத்துல தெளிவா எழுதினேன், இது என் மாமியாரோட டர்பன் மசாலா, மிளகாய் தூக்கலா, மட்டனுக்கும் பீன்ஸுக்கும் போடறது, ரொட்டியைக் குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்தித் தர்ற "பன்னி சாவ்" கடைக்காரங்க கூட வாங்கறாங்கன்னு. நீங்க இட்லி, வாழையிலை படம் போட்டு சாம்பார் பொடி மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க. 1860ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து நம்ம ஆளுங்களை ஏத்திக்கிட்டு வந்ததுல தொடங்கி இங்க நம்ம ஜனங்க சமைச்சு சமைச்சு உண்டாக்கின ருசி இது, இந்த ஊர் ஆளுங்க மதுரையைத் தேடி என்கிட்ட வரல. டவுன்ல விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டுக்கு வந்து பாருங்க, மசாலாவைக் கோபுரமாக் குவிச்சு "மதர் இன் லா எக்ஸ்டர்மினேட்டர்"னு அட்டை குத்தி வச்சிருப்பாங்க, டூரிஸ்ட் எல்லாம் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போவான். என் மாமியாருக்கும் அந்தப் பேரு ரொம்பப் பிடிக்கும், அது வேற விஷயம். பேரு வைக்கறதுன்னா வாங்கறவன் யாரு, அவன் வாயில அது நிக்குமான்னு பாக்கணும், நீங்க என் கஸ்டமரைப் பத்தி ஒரு கேள்வி கூடக் கேக்கல.

வெப்சைட் பத்தி ஒண்ணும் சொல்லல, அது பரவால்ல.

இப்ப எனக்கு வேணும்கறதைச் சொல்றேன். பேருக்கும் ரிப்போர்ட்டுக்கும் வாங்கின 35,000, மேட்ரிட்னு வாங்கின 30,000, ரெண்டும் சேத்து 65,000 திரும்ப வேணும். புதுப் பேரு ஃப்ரீயா வச்சுத் தர்றோம்னு உங்க பையன் சொன்னாரு, வேண்டாம், அதை நான் இங்கயே பாத்துக்கறேன். பழைய பேரோட டொமைன் ரெண்டும் உங்க பேருலதான் வாங்கியிருக்கீங்க, அதுவே தப்பு, கஸ்டமர் காசுல வாங்கினதை கஸ்டமர் பேருலதான் பதிவு பண்ணணும், இப்ப எனக்கு அது தேவையில்ல, ஆனா வருஷா வருஷம் என் கார்டுல இருந்து எடுக்கற ஆட்டோ ரினியூவலை உடனே நிறுத்துங்க.

இன்ஸ்டாகிராம் அப்படி இல்ல, அது எனக்கு வேணும். அதுல இருக்கறவங்க ஒவ்வொருத்தரும் நான் ராத்திரி உக்காந்து பதில் போட்டு சேத்த கஸ்டமர்ங்க, யூசர்நேம் மாத்திக்கிட்டா அதே அக்கவுண்ட் புதுப் பேருல ஓடும். லாகின் மெயில் உங்க ஆபீஸ் மெயில், ஓடிபி உங்க பையன் போனுக்குப் போகுது, அவரு லீவுல போனா நான் என் சொந்தக் கடைல போஸ்ட் போட முடியல. மெயிலையும் நம்பரையும் என்னுதா மாத்திக் குடுங்க. ஃபேஸ்புக் பேஜும் அதே மாதிரி.

லோகோல இருக்கற அம்மிக்கல் படம் மட்டும் எனக்குப் பிடிச்சிருக்கு, பேரு இல்லாம அதை வச்சுக்கறேன், ஆனா அதோட உரிமையை எழுத்து மூலமா எனக்கு மாத்திக் குடுக்கணும். உங்க ஒப்பந்தத்துல "லோகோ கஸ்டமருக்கு வழங்கப்படும்"னு ஒரே வரிதான் இருக்கு. இந்தியாவோட 1957 காப்பிரைட் சட்டம் 19ஆம் பிரிவுல, உரிமையை மாத்திக் குடுக்கறப்ப எத்தனை வருஷம்னு எழுதலைன்னா அஞ்சு வருஷம்தான், எந்த ஊருக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான்னு இருக்கு. அப்ப நான் டர்பன்ல அந்தப் படத்தை ஒட்டினா அது என்னுதா உங்களுதா? தென் ஆப்பிரிக்காவையும் சேத்து எல்லா நாட்டுக்கும், காப்பிரைட் இருக்கற காலம் முழுக்கன்னு தெளிவா எழுதி, வரைஞ்ச டிசைனர்கிட்ட இருந்து உங்களுக்கு வந்த பேப்பரோட சேத்து, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. கூடவே வெக்டர் ஃபைல்.

இந்த மெயில் கிடைச்சு 15 நாளுக்குள்ள இதெல்லாம் நடக்கணும். வெளிநாட்டுல இருக்காங்க, என்ன பண்ணிடப் போறாங்கன்னு நினைக்காதீங்க. 2019 கன்ஸ்யூமர் சட்டப்படி நீங்க இருக்கற சென்னைலயே மாவட்ட கன்ஸ்யூமர் கமிஷன்ல நான் கேஸ் போடலாம், ஆன்லைன்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷம் டைம் இருக்கு. "நீங்க வியாபாரத்துக்கு வாங்கினீங்க, கன்ஸ்யூமர் ஆக மாட்டீங்க"ன்னு உங்க ஆள் ஒருத்தர் போன்ல சொன்னாரு, சொந்தமா உழைச்சுப் பிழைப்புக்குப் பண்ற தொழில்னா அதுக்கு விலக்கு இருக்கு, அதே சட்டத்துலதான் இருக்கு, படிச்சுப் பாக்கச் சொல்லுங்க. மசாலா அரைக்கறது நானும் என் மாமியாரும் மட்டும்தான், வேலைக்கு ஆள் கிடையாது.

மெயில், வாட்ஸ்அப் சாட், இன்வாய்ஸ், உங்க ரிப்போர்ட், கொம்பு இடம் மாறின அந்த டிராஃப்ட் எல்லாம் இதோட வச்சிருக்கேன். வக்கீல் நோட்டீஸ் காப்பியும் இருக்கு. பதில் வாட்ஸ்அப்ல வேண்டாம், மெயில்லயே போடுங்க, போடறவங்க பேரும் பொறுப்பும் சேத்துப் போடுங்க. பணத்தை எந்தக் கார்டுல எடுத்தீங்களோ அதே கார்டுக்கு அனுப்புங்க.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர்
சாட்ஸ்வொர்த், டர்பன்