சுசானா பாகாவின் கதை 1995இல் தொடங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பெரு நாட்டுப் பாடகி சுசானா பாகா பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் அந்த அம்மாவின் படத்தைப் பார்த்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். வெட்டி எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் கட்டுரை அவர் கதையை 1995இல் தொடங்குகிறது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் பைர்ன் கறுப்பினப் பெரு மக்களின் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார், அதில் சுசானா பாடிய ‘மரியா லாந்தோ’ இருந்தது, உலகம் திரும்பிப் பார்த்தது, விருதுகள் வந்தன என்று மளமளவென்று போய் முடிந்துவிடுகிறது. 1995இல் அவருக்கு வயது 51. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டு எங்கே போயிற்று? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் பாலக்காடு மாவட்டம் முதலமடையில் தச்சு வேலை செய்கிறவன். கோவிந்தாபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு, இந்தப் பக்கம் தென்மலை அடிவாரம் வரைக்கும் மாந்தோப்பு. வட இந்தியச் சந்தைகளுக்கு ஜனவரியிலேயே மாங்காய் அனுப்பும் ஊர் இது. அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் கிரேட்டும் வருவதற்கு முன்னால் எல்லாம் மரப்பெட்டிதான். சீசன் முழுக்கப் பெட்டி அடிப்போம். ராத்திரி லாரி வரத் தாமதமானால் லோடு ஏற்றுகிற ஆட்கள் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தட்டிப் பாடுவார்கள். மெல்லிய பலகைப் பெட்டிக்குத்தான் போட்டி.

அப்புறம் பல வருஷம் கழித்து, கொல்லங்கோட்டுக் கல்லூரிப் பையன் ஒருவன் கஹோன் செய்து தரச் சொல்லிக் கேட்டுவந்தான். உட்கார்ந்து வாசிக்கிற மரப்பெட்டி. பக்கங்களுக்குக் கனமான பலகை, பின்புறம் ஒரு வட்ட ஓட்டை, முன்புறம் மட்டும் மூன்று மில்லிமீட்டர் ப்ளைவுட். அந்த முன்பலகையின் மேல் மூலை இரண்டிலும் ஸ்க்ரூவை முழுதாக முறுக்கக் கூடாது, கொஞ்சம் விட்டு வைக்க வேண்டும். அப்போதுதான் மேல் ஓரத்தில் விரலால் அடித்தால் ‘பட்’டென்று தெறிக்கும், நடுவில் உள்ளங்கையால் அடித்தால் ‘தும்’ என்று இறங்கும். இது ஸ்பெயின் நாட்டு வாத்தியம் என்றுதான் அந்தப் பையன் நினைத்திருந்தான். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஸ்பெயினின் கிதார் மேதை பாகோ தே லூசியா 1970களில் பெருவின் தலைநகர் லிமாவுக்குப் போனபோது பார்த்து, பிடித்துப்போய்த் தன் ஃபிளமெங்கோ இசைக்குக் கொண்டுபோனது அது. பிறந்த இடம் பெருவின் கடற்கரை. கரும்புத் தோட்டத்திலும் பருத்திக் காட்டிலும் வேலை வாங்க ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகள், சரக்கு வந்த பெட்டிகளைத் தட்டித் தாளம் போட்டதில் பிறந்தது என்று சொல்வார்கள். பெருவில் அடிமை முறை ஒழிந்தது 1854இல். அந்தப் பெட்டியை நாட்டின் பண்பாட்டுச் சொத்து என்று அரசாங்கம் அறிவித்தது 2001இல்.

சாமான் செய்கிறவனுக்கு அதை நன்றாக வாசிப்பவர்களைக் கேட்க வேண்டும் என்று ஆசை வருவது இயல்பு. அப்படித் தேடப்போய்த்தான் சுசானா பாகாவிடம் வந்து சேர்ந்தேன். அவர் பாட்டில் பெட்டி சத்தம் போடாது. குரலுக்குப் பின்னால், ஒரு எட்டு தள்ளியே நடக்கும். சில பாட்டுகளில் கழுதையின் தாடை எலும்பும் உண்டு. நன்றாகக் காயவைத்து, பற்கள் குழியிலேயே ஆடுகிற பதத்தில் எடுத்து, கைமுட்டியால் ஒரு குத்து குத்தினால் பல் எல்லாம் சேர்ந்து கிடுகிடுக்கும். பற்களின் மேல் குச்சியை இழுத்தால் இன்னொரு சத்தம். கையில் அகப்பட்ட பெட்டி, செத்த மிருகத்தின் எலும்பு, இதை வைத்து இவ்வளவு நயமான இசையை அந்த மக்கள் உண்டாக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கண் கலங்கும்.

சரி, 1995க்கு முந்தைய கதைக்கு வருகிறேன். சுசானா பிறந்தது 1944இல். வளர்ந்தது லிமாவின் தெற்கே கடலோரத்தில் உள்ள சோர்ரியோஸில், மீனவர்களும் கறுப்பினக் குடும்பங்களும் வாழ்ந்த பகுதி. அப்பா கிதார் வாசிப்பார். அம்மா ஆடுவார். பொண்ணு படித்து ஆசிரியர் வேலைக்குப் பயிற்சி பெற்றார், பள்ளிக்கூடத்தில் பாடமும் நடத்தினார். அதே காலத்தில் லிமாவில் கவிஞர் நிக்கோமேதெஸ் சாந்தா குரூஸும் அவர் அக்கா விக்டோரியாவும் மறந்துபோன கறுப்பின ஆட்டத்தையும் பாட்டையும் மறுபடி மேடைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். 1969இல் ‘பெரு நெக்ரோ’ குழு உருவானது. சுசானா அந்த அலையில் வந்தவர்தான். ஆனால் அவர் போன வழி வேறு. கவிஞர்களின் வரிகளை எடுத்து, பழைய தாளங்களில் வைத்து, அடக்கமாகப் பாடினார்.

பெருவின் பெரிய பாடலாசிரியர் சாபூக்கா கிராந்தா அவரைத் தனக்கு உதவியாளராக வைத்துக்கொண்டு, பாடு பாடு என்று தூண்டினார். 1983இல் சாபூக்கா இறந்துபோனார். கைகொடுத்த ஆளே போய்விட்டார். ‘மரியா லாந்தோ’வின் இசை சாபூக்காவுடையது, வரிகள் கவிஞர் சேசர் கால்வோவுடையவை. பொழுது விடிந்ததிலிருந்து அடைகிற வரை ஓய்வே அறியாமல் அடுத்தவர் வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. மாங்காய் ஷெட்டில் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து தரம் பிரிக்கத் தொடங்கும் எங்கள் பெண்களிடம் இதன் பொருளைச் சொன்னேன். இரண்டு பேர் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.

சுசானா தன் கணவர் ரிக்கார்டோ பெரெய்ராவோடு கடற்கரை ஊர்களுக்குப் போய், வயசானவர்களிடம் உட்கார்ந்து பாட்டுகளையும் நினைவுகளையும் சேகரித்தார். 1992இல் அது புத்தகமாக வந்தது. அதே ஆண்டு ‘நெக்ரோகொன்தினுவோ’ என்ற இசை மையத்தை இருவருமாகத் தொடங்கினார்கள், இளையவர்கள் வந்து கேட்டுப் பழகவும் ஆராயவும். பைர்னின் தொகுப்பு வருவதற்கு மூன்று வருஷம் முன்னால் இதெல்லாம் நடந்தாயிற்று.

உங்கள் கட்டுரை அவருடைய லத்தீன் கிராமி விருதைப் பெருமையாகச் சொல்கிறது. 2002இல் அந்த விருதைப் பெற்ற ‘லமெந்தோ நெக்ரோ’ என்ற ஆல்பம் 1980களில் கியூபாவின் ஹவானாவில் பதிவானது! விருதுக்காரர்களின் காதுக்கு அது எட்டத்தான் அவ்வளவு காலம் ஆயிற்று. குரல் அன்றைக்கே தயாராக இருந்தது. கட்டுரையாளர் இந்த ஒரு தகவலைப் பார்த்திருந்தாலே 1995இல் தொடங்கியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

பைர்னை நான் குறை சொல்லவில்லை. அவர் கேட்டார், பிடித்தது, தன் கம்பெனியில் வெளியிட்டார், தொகுப்பின் கடைசியில் அதே பாட்டைத் தானும் பாடி வைத்தார். பாட்டைக் கேட்டு மரியாதை செய்தவர் அவர். கதையை அவரிடமிருந்து தொடங்குகிற நம் பழக்கம்தான் எனக்கு வருத்தம்.

இந்தப் பழக்கம் பெருவோடு நிற்கவில்லை. எங்கள் மாவட்டத்து அட்டப்பாடி நஞ்சியம்மாவுக்கு, ‘அய்யப்பனும் கோஷியும்’ என்ற மலையாள சினிமாவில் பாடியதற்காக 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவித்தார்கள். அன்றைக்கு வந்த செய்திகள் பலவற்றில் அவர் அந்த சினிமாவில்தான் பிறந்தவர் மாதிரி எழுதியிருந்தார்கள். இருளர் பாட்டை அவர் மலையில் ஆடு மாடு மேய்த்தபடி பாடியதும் கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போனதும் ஒரு வரியில் முடிந்துவிட்டது.

எங்கள் ஊரிலேயே நடந்ததையும் சொல்கிறேன். நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி எல்லாம் தெரிந்த ஒரு ஆத்தா எங்கள் தெருவில் இருக்கிறார். ஒரு அடி தமிழ், அடுத்த அடி மலையாளம் என்று கலந்து வரும் எல்லையோரப் பாட்டு. வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து, மைக் வைத்து, சாயங்காலம் வரை அவரைப் பாடவைத்துப் பதிவு செய்துகொண்டு போனது. காபி வாங்கிக் கொடுத்தார்கள், காலில் விழுந்து கும்பிட்டார்கள். பிறகு அந்தப் பாட்டு கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து வெளியாகி, எங்கள் மாரியம்மன் திருவிழா ஸ்பீக்கரிலேயே ஒலித்தது. தயாரித்தவர் பெயர், கலவை செய்தவர் பெயர், படம் பிடித்தவர் பெயர் எல்லாம் இருந்தது. பாடியவர் என்ற இடத்தில் ‘கிராமத்துப் பாட்டி’ என்று போட்டிருந்தார்கள். ஆத்தா நின்று முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, “கொரலு என்றதுதான் கண்ணு. பேரு எங்க?” என்று என்னைக் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பிரதிகூட அவருக்கு வந்து சேரவில்லை.

சுசானாவின் தொழில் வாழ்க்கையில் நான் மதிப்பது இதைத்தான். தன் மக்களின் பாட்டைத் தேடிப் போனவர் அதே மக்களில் ஒருவர், அங்கேயே தங்கியும் விட்டார். 2011இல் பெருவின் கலாசார அமைச்சராக்கினார்கள், சில மாதங்கள்தான் அந்தப் பதவியில் இருந்தார். அதே வருஷம் போர்ட்டோ ரிக்கோவின் ‘கால்யே 13’ இசைக்குழுவோடு பாடிய ஒரு பாட்டு லத்தீன் அமெரிக்கா முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, அவர் குரலுக்கு அங்கே இடம் குறைவு. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கான்யெத்தேயில் உள்ள வீட்டிலேயே பாடிப் பதிவு செய்த ஆல்பம்தான் எனக்கு உயிர். பெரிய வாத்தியக் கூட்டம் கிடையாது. 76 வயதுக் குரல், மூச்சு வாங்குவது வரைக்கும் கேட்கும். அதற்கும் லத்தீன் கிராமி கொடுத்தார்கள். உங்கள் கட்டுரையில் அதைக் காணோம்.

இரண்டு வேண்டுகோள். முதலாவது, அடுத்த ஞாயிறு இணைப்பில் சோர்ரியோஸ், சாபூக்கா, ஹவானா பதிவு, 1992இல் தொடங்கிய மையம், இவற்றைச் சேர்த்து ஒரு சிறு குறிப்பாவது போடுங்கள். இரண்டாவது, எங்கள் சித்தூர்த் தாலுகாப் பக்கம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாகப் பாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொறாட்டு நாடகத்தில் தமிழும் மலையாளமும் கலந்து பாடுகிறவர்களும் உண்டு. கேரளத்துப் பத்திரிகைகள் இவர்களைத் தமிழர் என்று விட்டுவிடுகின்றன, தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் கேரளத்தார் என்று விட்டுவிடுகின்றன. வாரம் ஒருவர், பெயர், ஊர், யாரிடம் பாட்டைக் கற்றார், என்ன வேலை செய்கிறார், இவ்வளவு போதும். கால் பக்கம் ஒதுக்கினால் போதும்.

நிருபரை அனுப்புவதாக இருந்தால் தை, மாசியில் வேண்டாம். எல்லாரும் ஷெட்டில் இருப்பார்கள், ராத்திரி வீடு திரும்பும்போது பேசக்கூடத் தெம்பிருக்காது. வைகாசி முடிந்து மழை பிடித்த பிறகு வரச் சொல்லுங்கள். ஆத்தாவின் வீட்டுக்கு முதலில் நானே கூட்டிப்போகிறேன். பெயரை அவரிடமே கேட்டு, அவர் சொல்கிறபடி எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளி ஒருவர்,
முதலமடை, பாலக்காடு மாவட்டம்