கையெழுத்துப் போட்ட பிறகு எதற்கு அந்தக் காகிதம்?

நியூயார்க் மாநிலத்தின் வாடகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இதன் ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியாக வருகிறது. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வீடு தேடி அலையும் நம் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

குவீன்ஸின் எல்ம்ஹர்ஸ்டில் நான் இப்போது குடியிருப்பது ‘ஸ்டெபிலைஸ்டு’ வீடு, அதாவது வாடகைக்குச் சட்டம் வரம்பு கட்டிய வீடு. அதன் வாடகை வரலாறு, அதாவது ஆண்டுதோறும் உங்களிடம் பதிந்த வாடகையின் பட்டியல், தபாலில் வந்தது. 2016 வரை மாதம் 1,187 டாலர். அடுத்த வரியில், 2017-இல், 2,395. நடுவில் குடித்தனம் மாறியிருக்கிறது, காரணம் ‘மேம்பாடு’ என்று இருக்கிறது. அன்றைய சட்டப்படி, வீடு காலியானால் வழக்கமாக 20 சதவீதம் வரை ஏற்றலாம். மிச்ச உயர்வை நியாயப்படுத்த வேண்டுமானால், சின்னக் கட்டடங்களுக்கான கணக்குப்படி மேம்பாட்டுச் செலவில் 40-இல் ஒரு பங்கு மாத வாடகையில் ஏறும் என்பதால், இந்த இரண்டு அறை வீட்டுக்குள் சுமார் 39,000 டாலருக்கு வேலை நடந்திருக்க வேண்டும். எங்கே நடந்தது என்று நானும் என் மனைவியும் தேடிப் பார்த்தோம். குளியல் தொட்டியில் எனாமல் உரிந்து துரு தெரிகிறது. சமையலறை அலமாரிக்கு வெளியே வெள்ளைப் பெயின்ட், கதவைத் திறந்தால் உள்ளே பழைய பச்சை அப்படியே. அடுப்பு மட்டும் புதிது. 39,000 டாலர் அடுப்பு போலிருக்கிறது.

இந்தக் காகிதம் லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கையில் இருந்திருந்தால் பேரம் பேசியிருப்போம், இல்லை வேறு வீடு பார்த்திருப்போம். ஆனால் உங்கள் விதிப்படி குடியிருப்பவருக்கும் உரிமையாளருக்கும்தான் அதைக் கொடுப்பீர்கள். வீடு தேடுகிறவர் கேட்டால் கிடையாது. புரோக்கரிடம் கேட்டேன். “முதலில் கையெழுத்துப் போடுங்கள், அப்புறம் நீங்களே வாங்கிக்கொள்ளலாம்” என்றார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை, உங்கள் விதியைத்தான் சொன்னார். நாளைக் காலைக்குள் பதில் சொல்லாவிட்டால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான். நகரம் 2023-இல் எடுத்த கணக்கெடுப்பில் காலியாக இருந்த வாடகை வீடுகள் 1.41 சதவீதம். இந்த ஊரில் யோசிக்க அவகாசம் கேட்பவருக்கு வீடு கிடைக்காது.

மீன் வாங்கப் போனால்கூடச் செவுளைத் தூக்கிப் பார்க்க விடுகிறார்கள்.

இந்தச் சட்டத்துக்குள் வரும் கட்டடம்தானா என்று பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனோம். 1974-க்கு முன் கட்டியதா, ஆறு வீடுகளுக்குக் குறையாமல் இருக்கிறதா, நகரம் வெளியிடும் பட்டியலில் முகவரி இருக்கிறதா, எல்லாம் சரி. ஆனால் அந்தப் பட்டியல் கட்டடத்தைத்தான் சொல்கிறது. உள்ளே எந்த வீடு இன்னும் சட்டத்துக்குள் இருக்கிறது, எது 2019-க்கு முன்பே, வாடகை ஒரு தொகையைத் தாண்டியதால், சட்டத்தை விட்டு வெளியே போனது என்பது அதில் இல்லை. லீஸோடு இணைக்கும் தாளில் எங்களுக்கு முன் இருந்தவரின் வாடகை இருந்தது, அதற்கும் முந்தியது இல்லை. ஏறிய இடமோ அங்கேதான்.

பழைய குடித்தனக்காரர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன, அந்தரங்கம் என்பீர்கள். நியாயம்தான், பெயரை அடித்துவிடுங்கள். எங்களுக்கு வேண்டியது ஆண்டும் தொகையும் காரணமும் மட்டும். இதே நகரத்தில் ஒரு கட்டடத்தை யார் வாங்கினார், என்ன விலைக்கு வாங்கினார், அதன் மேல் எவ்வளவு கடன் இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில் பார்க்கலாம். எந்த வீட்டில் எலி, எந்த வீட்டில் சுடுதண்ணீர் வரவில்லை என்பதும் பொதுவில் கிடக்கிறது. சட்டம் வரம்பு கட்டிய வாடகை ஒன்றுதான் ரகசியமா?

தவறு இருந்தால் புகார் கொடுக்கலாமே, வேண்டுமென்றே கூடுதலாக வாங்கியிருந்தால் மூன்று மடங்கு அபராதம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் 2017-இல் நடந்ததைத் தோண்ட, மோசடி என்று காட்டும் வேலை என் தலையில் விழுகிறது. அதுவும் எவர் வீட்டில் இருக்கிறேனோ, குழாய் ஒழுகினால் எவரைக் கூப்பிட வேண்டுமோ, அவர் மேலேயே. இதற்கிடையில் 2025 அக்டோபர் முதல் தொடங்கும் ஓராண்டு லீஸுக்கு 3 சதவீதம் ஏற்றலாம் என்று நகரத்தின் வாடகை வாரியம் சொன்ன உயர்வும் அந்தச் சந்தேகத் தொகையின் மேல்தான் ஏறுகிறது.

வீட்டுக்காரர் அமர்த்திய புரோக்கருக்கு நாம் கூலி கொடுத்த கொடுமை 2025 ஜூனில்தான் இந்த ஊரில் ஒழிந்தது. அதுவரை ஒரு மாத வாடகை, சில இடங்களில் அதற்கும் மேல், கதவைத் திறந்து காட்டியதற்காக! இப்போது அதே பணம் வாடகைக்குள் புகுந்துகொள்கிறதோ என்னவோ. சரி, அது நகர மன்றத்தின் விஷயம், உங்களிடம் சொல்லிப் பயனில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ஏறத்தாழ 10 லட்சம் ஸ்டெபிலைஸ்டு வீடுகளின் வாடகையை உரிமையாளர்கள் ஆண்டுதோறும் உங்களிடம் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவை, வீட்டுக்கு விண்ணப்பித்தவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்க்க விடுங்கள். பெயர்களை நீக்கி, வீட்டு எண் வாரியாக இணையத்தில் போட்டால் இன்னும் நல்லது. உங்கள் ஊழியர்களுக்குத் தபால் வேலையும் மிச்சம். உடனே முடியாதென்றால், முழு வரலாற்றையும் லீஸோடு கொடுப்பது உரிமையாளரின் கடமை என்றாவது ஆக்குங்கள். சட்டமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டால் அதைக் கேட்டு நீங்களே எழுத வேண்டுகிறேன். நாங்கள் எழுதுவதைவிட நீங்கள் எழுதினால் அங்கே எடுபடும்.

தயவுசெய்து பரிசீலியுங்கள். என் வீட்டுக்கான புகாரைத் தனியாக அனுப்புகிறேன், பச்சை அலமாரியின் படத்தோடு.

இப்படிக்கு,
எல்ம்ஹர்ஸ்டில் குடியிருக்கும் ஒருவர்