சாம்பாவிலிருந்து பார்த்தால்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் அண்டை நாடுகளான கானாவையும் ஐவரி கோஸ்ட்டையும் ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஐவரி கோஸ்ட்டின் பெருநகரமான அபிஜானின் பாலங்களையும் அந்நாட்டின் தலா வருமானத்தையும் வைத்து, கானாவை ஐவரி கோஸ்ட் முந்திவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டார் கட்டுரையாளர். முந்திரிக்கொட்டை கொள்முதலுக்காக கானாவின் எல்லை ஊரான சாம்பாவில் சில காலம் இருந்தவன் நான். அந்தத் தீர்ப்பை அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை.

சாம்பாவுக்கு அந்தப் பக்கம் ஐவரி கோஸ்ட்டின் பொந்துகு. இரண்டு பக்கமும் நஃபானா மக்கள், ஒரே சொந்தபந்தம். ஐவரி கோஸ்ட் முந்திரி கப்பலில்தான் போக வேண்டும், தரை வழியாக வெளியேறக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். சாம்பாவில் விலை கூடினால் மூட்டைகள் ராத்திரியோடு ராத்திரியாக இந்தப் பக்கம் வந்துவிடும். எந்தப் பக்கம் நல்ல விலை, எந்தப் பக்கம் நல்ல வைத்தியம் என்று அந்த மக்களுக்கு அத்துப்படி.

வருமானம் இருக்கட்டும், பிள்ளைப்பேற்றைப் பாருங்கள். 2020ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவன மதிப்பீட்டின்படி, ஒரு லட்சம் பிரசவத்துக்கு கானாவில் 263 தாய்மார்கள் இறந்தார்கள், ஐவரி கோஸ்ட்டில் 480 பேர். கானா 2003இல் தேசிய மருத்துவக் காப்பீட்டுக்குச் சட்டம் போட்டது, 2008இல் கர்ப்பிணிகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. 2017 முதல் அரசு மேல்நிலைப் பள்ளியிலும் கட்டணம் இல்லை. ஐவரி கோஸ்ட்டோ 2002க்கும் 2011க்கும் இடையே இரண்டு உள்நாட்டுப் போர்களைப் பார்த்த நாடு. வடக்கே பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஆளில்லாமல் கிடந்தன. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து அளக்கும் ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் 2022க்கு கானா 0.602, ஐவரி கோஸ்ட் 0.534. தலா வருமானம் இரண்டு நாட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் இந்த இடைவெளி!

அதற்காக கானாவில் எல்லாம் சுகம் என்று சொல்ல வரவில்லை. கானாவின் நாணயம் செடி. 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 6 செடியாக இருந்தது, நவம்பரில் 14ஐத் தாண்டியது. டிசம்பரில் பணவீக்கம் 54 சதவீதம். அரசாங்கமே வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. சந்தையில் கென்கி என்ற மக்காச்சோள மாவு உருண்டை விற்கும் அம்மா, விலையை ஏற்ற மனமில்லாமல் உருண்டையைச் சின்னதாக்கிக்கொண்டே போனார். அதே வருடம் எல்லைக்கு அப்பால் விலைவாசி 5 சதவீதத்தை ஒட்டித்தான் ஏறியது. அவர்களுடைய சிஎஃப்ஏ ஃபிராங்க், மதிப்பு மாறாதபடி யூரோவோடு கட்டிப்போட்ட நாணயம். அதன் கடிவாளம் பாரிஸில் இருக்கிறது என்று படித்தவர்கள் குறைப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் மாதச் சம்பளக்காரருக்கு அந்தக் கடிவாளம் பெரிய நிம்மதி.

வாடகைக் கொடுமை தனிக்கதை. கானாவில் ஆறு மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 1963லேயே சட்டம் இருக்கிறது. என்னிடம் இரண்டு வருட வாடகையை மொத்தமாகக் கேட்டார்கள். சட்டத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "சரி, வேறு வீடு பாருங்கள்" என்றார் வீட்டுக்காரர்.

என்னைக் கேட்டால், சம்பாதித்துச் சேமிக்க அபிஜான் தேவலை. ஏழை வீட்டில் பிறந்து, படித்து, ஆளாக கானா தேவலை. மின்சாரமும் கானாவில்தான் அதிக வீடுகளுக்கு எட்டியிருக்கிறது. அது அடிக்கடி போய்விடும் என்பது வேறு விஷயம்.

கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கானாவின் தலைநகர் அக்ரா, அபிஜானோடு நிறுத்தாமல், வடக்கே கானாவின் டமாலேவுக்கும் ஐவரி கோஸ்ட்டின் கொரோகோவுக்கும் போய் எழுதட்டும். இரு நாடுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைவிட, ஒவ்வொரு நாட்டிலும் தெற்குக்கும் வடக்குக்கும் உள்ள வித்தியாசம் அங்கே நன்றாகவே தெரியும்.

இப்படிக்கு,
முந்திரி வியாபாரி ஒருவர்,
பண்ருட்டி