இப்போதுதான் எட்டிப்பார்க்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் தெரு வாசகர் வட்டத்தைப் பற்றி ஞாயிறு இதழில் படத்துடன் செய்தி வெளியிட்டமைக்கு நன்றி. ஆனால் அதன் முதல் வரியைப் படித்துவிட்டு, காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ‘சாப்பாட்டுக்குப் பேர்போன செட்டிநாட்டில் இப்போது புத்தகமும் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார் உங்கள் நிருபர்.

இப்போதா ஐயா? பண்டிதமணி கதிரேசனார் மேலைச்சிவபுரியில் தமிழ் வளர்க்கச் சன்மார்க்க சபையைத் தொடங்கிய ஆண்டு 1909. காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்குப் பாரதியார் வந்தது 1919இல். கையில் தடியோடு இருக்கும் பாரதியின் படத்தை நீங்களும் எத்தனையோ முறை அச்சிட்டிருப்பீர்கள். அது இந்த ஊரில் எடுத்த படம். 1939இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கியதும் இங்கேதான். உங்களுக்குத் தெரியாததையா சொல்கிறேன்?

எங்கள் வட்டத்தில் பதினொரு பேர். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, ஒரு வீட்டு முகப்பில் கூடுகிறோம். இந்த மண்ணின் எழுத்தாளர்களை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவு. சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் முடிந்தது, வ.சுப. மாணிக்கனார் முடிந்தது. நிருபர் வந்த அன்று இராயவரம் அழ. வள்ளியப்பா. பாதிப் புத்தகங்கள் கடையில் கிடைப்பதில்லை, நகலெடுத்துத்தான் படிக்கிறோம். அன்று எழுபத்தெட்டு வயது ஆச்சி ஒருவர், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வள்ளியப்பா பாடல்களை ஏட்டைப் பார்க்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். நிருபர் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் என்ன அளவு? செய்தியில் பணியாரத் தட்டு இருக்கிறது, பாட்டு இல்லை.

உங்கள் இணைப்பிதழ்களில் எத்தனை ஆண்டுகளாகக் கோழிக் குழம்பும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் தேக்குத் தூணும் பார்க்கிறோம். அந்தத் தூண்கள் பிரித்து விற்கப்படும்போது வீட்டிலிருந்த புத்தகங்கள் எங்கே போகின்றன என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் பார்த்திருக்கிறேன். பங்காளிகள் கூடி எங்கள் வீட்டைப் பிரித்தபோது உத்தரங்களை டேப் வைத்து அளந்தார்கள், கதவுகளுக்குச் சாக்பீஸால் எண் போட்டார்கள். மேல்வீட்டுப் பெட்டியிலிருந்த புத்தகங்களைச் சணலால் கட்டி, பழைய பேப்பர் தராசுக் கொக்கியில் மாட்டினார்கள். நாற்பத்து மூன்று கிலோ. நான் போய்ச் சேர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. திண்ணையடியில் சிதறிக் கிடந்த மூன்று மட்டும் கிடைத்தன. ஒன்றின் முதல் பக்கத்தில் என் ஐயாவின் கையெழுத்து, கீழே ‘ரங்கூன்’ என்று ஊதா மையில். கரையான் அரித்த ஓட்டை அந்த எழுத்தின் நடுவே போகிறது. அன்றும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெளியாகவில்லை.

கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஒருவராக ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்தார். அவர் காலத்துக்குப் பின் அவற்றை விலைகொடுத்து வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக இருக்கிறது. புத்தகம் எட்டிப்பார்க்கும் ஊரா இது?

நான் கேட்பது பெரிதல்ல. பழைய வீடு பிரிப்பவர்கள் புத்தகங்களை எடைக்குப் போடுமுன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லும்படி, ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் இரண்டு வரி போடுங்கள். அடுத்த கூட்டத்துக்கும் நிருபரை அனுப்புங்கள். அந்த ஆச்சி மீண்டும் பாடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
காரைக்குடி.