கனம் ஒத்த பிறகுதான் நிறம்

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஆறு துணிகளையும் மேசையில் பரப்பி வைத்து, எதை எதோடு சேர்ப்பது, குழந்தைகளின் உடுப்புக்கும் கட்டம் கட்டமாக இணைத்துத் தைக்கும் போர்வைக்கும் ஒரே துணியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடு.

நிறம் சேருகிறதா என்றுதான் நீ பார்த்திருக்கிறாய். நிறம் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் கனம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு துணியையும் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார். எது எது ஒரே கனம் என்று விரலே சொல்லிவிடும். அவைதான் ஒன்றுக்கொன்று சொந்தம். அழுத்தமான துணியையும் மெல்லிய துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால், பத்துத் துவையலுக்குள் மெல்லியது தையல் ஓரமாகவே இற்றுப்போகும். இரண்டும் ஒரே அளவில் சுருங்காது என்பதால் கட்டத்துக்குக் கட்டம் சுருக்கம் விழும். எவ்வளவு அழகாக நிறம் பொருத்தியிருந்தாலும் அந்தப் போர்வை ஒரு வருஷம் தாங்காது.

இதில் உன் அப்பாவின் தறிக் கணக்கும் இருக்கிறது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள், அதாவது நூல் கட்டுகள், எத்தனை இருக்கின்றனவோ அதுதான் நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் 40 சிட்டம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். நம் பக்கத்தில் இந்தப் படிவரிசை முழுவதும் கண்ணெதிரே கிடக்கிறது. பவானி ஜமக்காளம் தரையில் விரித்தால் அசையாது. கரூரில் மேசை விரிப்புக்கென்று நெய்வது கித்தான் போல நிற்கும். சென்னிமலைப் போர்வை அதற்கும் கொஞ்சம் கீழே. பல்லடத்திலும் சோமனூரிலும் விசைத்தறியில் இறங்கும், வெளுக்காத காடாத் துணி நடுவில். நெகமம் சேலையும் கோவை கோரா காட்டனும் மெலிது. எல்லாமே நல்ல துணிதான். ஆனால் ஒரே போர்வையின் மேல்பக்கத்தில் இவை அனைத்தையும் குடியேற்ற முடியாது.

உன் ஆறில் நான்கு அங்கே கடையில் வாங்கிய பருத்தி. படத்தில் பார்த்தவரை அவை ஒரே கனமாகத் தெரிகின்றன, விரலால் தேய்த்து உறுதி செய்துகொள். ஐந்தாவது உன் அமுச்சியின், அதாவது என் அம்மாவின், நெகமம் சேலை. ஆறாவது பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட திருப்பூர் பனியன்கள். இந்த இரண்டையும் விட மனமில்லை என்று எழுதியிருக்கிறாய். விட வேண்டாம். ஆனால் அப்படியே வைத்துத் தைக்கவும் வேண்டாம். பனியன் துணி பாவும் ஊடையுமாக நெய்தது அல்ல, கண்ணி கண்ணியாகப் பின்னியது. இழுத்தால் நீளும், தைக்கும்போது அலை அலையாகிவிடும். வெள்ளைப் பாப்ளினில் அதே அளவுக் கட்டம் வெட்டி, பனியன் துண்டை இழுக்காமல் அதன்மேல் பரப்பி, நான்கு ஓரமும் நூலோட்டிவிடு. பிறகு இரண்டையும் ஒரே துணியாக நினைத்துத் தைக்கலாம். பனியனைத் தைக்க முனை மழுங்கிய ஊசி போடு, கூர் ஊசி கண்ணிகளை அறுத்து ஓட்டையாக்கும். சேலைக்கும் இதே வழிதான், அடியில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி. அதன் உடல் பகுதியை மட்டும் எடுத்துக்கொள். கரையும் முந்தானையும் கனம் வேறு.

அடுத்தது துவைப்பது. ஆறையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிடு. பருத்தி முதல் துவையலில்தான் அதிகம் சுருங்கும், அந்தச் சுருக்கம் குழந்தையின் உடம்பில் நடக்கக் கூடாது. அந்தச் சிவப்புத் துணியைத் தனியாக நனைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார். வெள்ளையில் சாயம் ஏறினால் தண்ணீர் தெளிகிற வரை அலசு. அப்படியும் தெளியவில்லை என்றால் அதை ஒதுக்கிவிடு, வேறு சிவப்பு வாங்கிக்கொள்ளலாம். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடித்த துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தாது.

சாயம் என்று சொன்னதும் நொய்யல் ஆறுதான் நினைவுக்கு வருகிறது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவோடு தேங்கி நின்ற தண்ணீரின் நிறத்தை நீயும் பள்ளிக்கூடம் போகும் வயதில் பார்த்திருக்கிறாய். 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, வேலை போனவர்களும் நம் ஆட்கள், நிலம் கெட்டவர்களும் நம் ஆட்கள். அடர் நிறத்துக்குச் சாயம் அதிகம் செலவாகும். அதனால்தான் அடர் நிறத் துணியில் ஒரு சாண் மிச்சம் விழுந்தாலும் எனக்கு வீசக் கை வராது. உன் கையும் அப்படிப் பழகட்டும்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். ஒரே கம்பெனியின் ஒரே வரிசைத் துணிகளை எடுத்திருக்கிறாய், பொருத்தம் பார்க்கும் சிரமம் இல்லை. ஆனால் அதில் இரண்டு ஒரே அளவுப் பூவாக இருப்பதால் கண் நிற்க இடமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய யானைப் படம் போட்டது ஒன்று இருக்கிறதே, அதுதான் முதன்மைத் துணி. அதிலுள்ள நிறங்களில் ஒன்றை எடுத்து ஒரு வெற்றுத் துணி வாங்கு. இன்னொரு நிறத்தில் சிறு கட்டம் வாங்கு. தூரத்திலிருந்து பார்த்தால் வெறுமையாகத் தெரிகிற பொடிப்பூ உன்னிடமே இருக்கிறது. கடையில் வாங்கிய பூப்போட்ட மற்ற இரண்டில் ஒன்றை எடுத்து வைத்துவிடு. பிறகு எல்லாவற்றையும் சுவரோரம் அடுக்கி, போனில் கருப்பு வெள்ளையில் ஒரு படம் எடு. எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிர் நிறம் ஒன்று குறைகிறது என்று பொருள்.

உடுப்பை முதலில் வெட்டு. மிச்சத்தில்தான் போர்வை. உடுப்புக்கு நெடுக்கும் குறுக்கும் தப்பக் கூடாது, போர்வைக் கட்டம் எங்கே கிடைத்தாலும் வெட்டிக்கொள்ளலாம். யானைகள் எல்லாம் ஒரே பக்கமாக நிற்பதால் துணியைத் தலைகீழாக மடித்து வெட்ட முடியாது, கவுனுக்கு அரை மீட்டர் கூடுதலாக வைத்துக்கொள். பெரியவளின் கவுன் உடல் யானை, கழுத்துப்பட்டியும் பையும் கட்டம். சின்னவனுக்கு மேல்சட்டை கட்டம், அதன் பைக்குள் உள்துணி மட்டும் யானை. கையை விடும்போதெல்லாம் அவனுக்குத் தெரிந்தால் போதும். இருவருக்கும் அச்சு அசலாக ஒரே துணியில் தைப்பது எனக்குப் பிடிக்காது. ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கவுனின் அடி மடிப்பில் இரண்டு அங்குலம் விடு, அதற்குமேல் அரை அங்குல டக் (மடித்துத் தைக்கும் மடிப்பு) ஒன்று பிடி. அடுத்த வருஷம் டக்கைப் பிரித்தால் ஓர் அங்குலம் இறங்கும், அதற்கடுத்து மடிப்பை இறக்கலாம். பக்கத் தையலில் முக்கால் அங்குலம். கழுத்துக்கு வைக்கும் பைப்பிங்கைக் கிராஸில், அதாவது துணியின் கோணல் வாக்கில், வெட்டு, நேரே வெட்டினால் வளைவில் உட்காராது. கழுத்தில் கயிறோ நாடாவோ வேண்டவே வேண்டாம். ஓடும்போது எதிலாவது மாட்டி இறுக்கிவிடும். குழந்தைகள் உடுப்பு என்றால் திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளும் இதில் கண்டிப்பாக இருப்பார்கள். பட்டனைக் கையால் தை, தைத்தபின் பலமாக இழுத்துப் பார்.

போர்வை 45-க்கு 60 அங்குலம் போதும். ஐந்தரை அங்குலக் கட்டமாக வெட்டினால், கால் அங்குலத் தையல் போக ஐந்து நிற்கும். குறுக்கே ஒன்பது, நெடுக்கே பன்னிரண்டு, ஆக 108 கட்டம். 44 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டருக்கு 42 கட்டம் தாராளமாக எடுக்கலாம், கரையை நறுக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தேன். யானை பெரிது, கட்டத்துக்குள் தலை ஒன்று கால் ஒன்றாக அறுபடும். முழு யானை அடங்கும் இடங்களை மட்டும் பார்த்து வெட்டு. கால் அங்குலம் என்றால் கால் அங்குலமேதான். ஒரு கட்டத்துக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தப்பினாலும் ஒன்பதில் ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும். பிறகு வரிசையும் வரிசையும் சேராது. ஒவ்வொரு வரிசையையும் தைத்தவுடன் இஸ்திரி போடு, தையல் மடிப்பை அடர்நிறத் துணிப் பக்கம் சாய்த்துவிடு.

அடித்துணிக்குச் சென்னிமலை விரிப்பு ஒன்றை அனுப்புகிறேன், 60-க்கு 90. கனத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதை ஏன் அனுப்புகிறாள் என்று நினைப்பாய். அடித்துணி ஒரே துண்டு, அதன் நடுவில் கட்டத்துக்குக் கட்டம் சேரும் தையல் எதுவும் இல்லை, அதனால் அது கொஞ்சம் கனமாக இருக்கலாம். கைத்தறி என்பதால் நானே இரண்டு முறை துவைத்துவிட்டேன். உள்ளே வைக்க இங்கே என்றால் பழைய வேட்டி போதும். உங்கள் ஊர்ப் பனிக்கு மெல்லிய பருத்திப் பஞ்சு விரிப்பு வாங்கிக்கொள். எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் ஓட வேண்டும் என்று அதன் உறையில் போட்டிருப்பார்கள், அதை மீறாதே. மூன்றையும் பரப்பி நடுவிலிருந்து ஓரத்துக்கு நூலோட்டு, மிஷினிலும் நடுவிலிருந்தே தொடங்கு. ஓரத்தில் தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து சேரும். 16-ஆம் நம்பர் ஊசி, நீளத் தையல். ஓரப்பட்டிக்குக் கிராஸ் தேவையில்லை, விளிம்பு நேராகத்தானே இருக்கிறது. இரண்டரை அங்குல அகலத்தில் ஆறு பட்டை வெட்டி இணைத்தால் 210 அங்குலச் சுற்றளவுக்கும் மூலைகளுக்கும் வரும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சின்னவனுக்கு ஒரு வயது நிறைகிற வரை அவன் தூங்கும் இடத்தில் இந்தப் போர்வை வேண்டாம். மூக்கை மூடிவிடும் என்று மருத்துவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். பகலில் நீ பக்கத்தில் இருக்கும்போது தரையில் விரித்து அவனைக் குப்புற விடு, தவழட்டும்.

பெரியவளின் மார்பளவு, தோளிலிருந்து முழங்கால் வரை நீளம், கைச்சுற்று மூன்றையும் பனியன் போட்டபடி எடுத்து அனுப்பு. கவுனின் காகித அளவை நான் இங்கே வெட்டி, விரிப்போடு சேர்த்துப் பார்சலில் வைத்துவிடுகிறேன். பட்டன் துளைக்குக் காஜா போட நல்ல நூல்கண்டு இரண்டும் அப்பா ஈரோடு சந்தையில் வாங்கி வந்திருக்கிறார், அதுவும் வரும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். பார்சல் கைக்கு வரும் வரை யானைத் துணியை வெட்டாதே, எல்லாவற்றையும் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திரு.

அம்மா